எடைக்கு உட்கார்ந்தவள்

ஜூன் 3, செவ்வாய்

ஒரு நாளைக்கு நாலு தரம் போன் பண்ணாதே, தோன்றுவதையெல்லாம் ஒரு நோட்டில் எழுது என்று தாரணி சொல்லிவிட்டாள். பெற்ற மகள் பெருந்துறை ஹாஸ்டலில் உட்கார்ந்துகொண்டு எனக்குப் புத்தி சொல்கிறாள். சரி, எழுதுவோம். மூன்று வருடமாகத் தாய்லாந்தில் இந்த ராட்சபுரி ஊரில் நான்கு சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். நோட்டாவது பதில் பேசாமல் கேட்கும்.

இன்றைக்கு எழுத ஒரு சங்கதி இருக்கிறது. அவர் தன் மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டு ஒரு சாலேங் வாங்கி வந்திருக்கிறார். இங்கே திரும்பின பக்கமெல்லாம் இதுதான். ஒரு பழைய மோட்டார் சைக்கிள், அதன் இடது பக்கம் இரும்புக் குழாயில் அடித்த ஒரு தொட்டி, தொட்டிக்குத் தனியாக ஒரு சக்கரம், மேலே தார்ப்பாய்க் கூரை. மீன் விற்கிறவர்களும் பழைய இரும்பு பொறுக்குகிறவர்களும் வைத்திருப்பார்கள். பேப்பர் மில்லில் ஃபோர்மேனாக இருக்கிற சென்னியப்பனுக்கு இது எதற்கு என்று கேட்டேன். கார் வாங்க நமக்கு வக்கில்லை, கேஸ் சிலிண்டரும் அரிசி மூட்டையும் ஒரே நடையில் வந்துவிடும், மழைக்கும் நனைய வேண்டாம் என்று அடுக்கினார். பைக் ராசியில்லையாம். போன மாதம் வீட்டு கேட் தூணில் முழங்காலை இடித்துக்கொண்டதிலிருந்து அப்படித்தான் சொல்கிறார்.

தூண் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தது. ராசி என்ன செய்யும்?

ஜூன் 4, புதன்

காலையில் கிளம்பும்போது, நீயும் ஏறு என்றார். நான் எதற்கு? தொட்டி காலியாக இருந்தால் இடது பக்கம் திரும்பும்போது அந்தச் சக்கரம் தரையை விட்டுத் தூக்கிக்கொள்ளுமாம், வண்டி கவிழுமாம். தொட்டியில் எடை வேண்டுமாம். ஆகக் கூடி நான் எடை.

பலகையில் தலையணையைப் போட்டு உட்கார்ந்தேன். மில் வரைக்கும் போனோம். அவர் உள்ளே போய்விட்டார், வண்டியும் உள்ளே நின்றுகொண்டது. நான் பெஞ்சு போட்ட வாடகை வேனில் பத்துப் பேரோடு இடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். சாயங்காலம் மறுபடி வேன் ஏறிப் போய், மறுபடி எடையாக உட்கார்ந்து திரும்பி வந்தேன். வண்டி நிழலில் நிற்கிறது, வீட்டுக்காரி வெயிலில் நிற்கிறாள். இந்தக் கூத்தை ஊரில் சொன்னால் சிரிப்பார்கள்.

ஜூன் 8, ஞாயிறு

சந்தைக்குப் போனோம். போகிற வழியில் ஒரு கீரைக் கூடையைச் சாய்த்தார். திரும்பி வரும்போது பாலத்துக் கல்லில் உரசினார். இரண்டுமே இடது பக்கம். புதிதாக ஓட்டுகிற எல்லோருக்கும் தொட்டியின் அகலம் பிடிபடாதாம், இரண்டு சக்கரம் ஓட்டிய கை, வண்டியைச் சாய்க்கப் பார்க்குமாம், இது சாயாதாம். பக்கத்து வீட்டு பீ தும் சொன்னாள். பீ என்றால் இங்கே அக்கா, தும் அவள் பெயர். என் வயதுதான், ஆனாலும் அக்கா என்று கூப்பிட்டுப் பழகிவிட்டது. சுட்ட வாழைப்பழம் விற்கிற சாலேங் வைத்திருக்கிறாள். அவள் புருஷன் பிரசித்தும் இதே மில்தான். பேப்பர் மெஷினில் ரோலர் மாற்றும்போது பிரசித் கீழே நின்று சங்கிலியைக் கொக்கியில் மாட்டுவார், இவர் கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு கிரேனை ஓட்டுவார். ஒரு ரோலர் நம் ஊர் டெம்போ வேன் கனம் இருக்கும். இரண்டு பேரும் ஜோடிப் பொருத்தம் என்று மில்லில் பேச்சு.

நான் சும்மா எடையாக உட்கார்ந்து வர முடியாமல் குரல் கொடுக்க ஆரம்பித்துவிட்டேன். பீச்சாங்கைப் பக்கம் நாய், பீச்சாங்கைப் பக்கம் சைக்கிள், பீச்சாங்கைப் பக்கம் கிழவர். அவர் கோபித்துக்கொள்வார் என்று பார்த்தேன். இல்லை, நான் சொல்லச் சொல்ல ஒதுக்கிக்கொண்டே வந்தார்.

ஜூன் 12, வியாழன்

மறுபடி கேட். இடது பக்கத்துப் பெயிண்ட் பூராவும் போயிற்று.

ஜூன் 15, ஞாயிறு

சாப்பிடும்போது சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினார். டம்ளருக்கு இந்தப் பக்கம் ஊற்றினார். மேஜை நனைந்து என் மடியெல்லாம் ஈரம். ஏதோ யோசனையில் ஊற்றிவிட்டேன் என்றார். மனுஷனுக்கு மில்லில் ஆயிரம் யோசனை.

இன்னொன்று. நான் இடது பக்கமாகப் போய் நின்றால் திடுக்கிட்டுப் போகிறார். அதனால் இப்போதெல்லாம் வலது பக்கமாகவே போய்ப் பரிமாறுகிறேன். எனக்கும் அதுதான் கைக்கு வசதி.

மல்லித்தழை வாங்க மறந்துவிட்டேன்.

ஜூன் 19, வியாழன்

மில்லில் வருஷாந்திர மருத்துவ முகாம். வீட்டில் இருப்பவர்களும் வரலாம் என்றார்கள். ரத்தம் எடுத்தார்கள், எடை பார்த்தார்கள். எடை எனக்குத் தெரிந்த விஷயம்தான், தினமும் அந்த வேலைதானே பார்க்கிறேன்.

கண் பரிசோதனைக்கு அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றேன். நர்ஸ் பெண் குனிந்து எழுதிக்கொண்டே ஒரு கண்ணை மூடச் சொன்னாள். இடது கையால் இடது கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரி வரைக்கும் கடகடவென்று படித்தார். மற்றதை மூடுங்கள் என்றாள். வலது கையை எடுத்து மூடினார். மறுபடி கடகடவென்று படித்தார். நல்ல பார்வை என்று நர்ஸ் சிரித்தாள்.

கையைத்தான் மாற்றினார், கண்ணை இல்லை.

வீட்டுக்கு வந்தால் இட்லி மாவு பொங்கி அலமாரியெல்லாம் வழிந்து கிடந்தது. இந்த ஊர் உஷ்ணத்தில் மாவு அரைத்து வைத்துவிட்டு வெளியே போனதே தப்பு. எல்லாவற்றையும் துடைத்தேன். பிறகு துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

இருப்புக் கொள்ளவில்லை. வீட்டை இரண்டு தரம் கூட்டியாகிவிட்டது.

நடந்தது இதுதான். பீ தும் மதியம் பழமெல்லாம் விற்றுவிட்டு, அடுப்பையும் சந்தையிலேயே விட்டுவிட்டுத் தன் சாலேங்கில் தனியாக வந்தாள். முக்கில் இடது பக்கம் அழகாகத் திரும்பினாள். சக்கரம் தூக்கவில்லை. கிட்டே போய்ப் பார்த்தேன். தொட்டியில் ஒரு சாக்கு மூட்டை. என்ன அது என்றேன். மணல் என்றாள். காலி வண்டி ஓட்டுகிற எல்லோரும் அதைத்தான் போட்டுக்கொள்வார்களாம். உன் புருஷனுக்குத் தெரியாதா, பிரசித்துதானே வண்டி வாங்கும்போதே சொல்லிக் கொடுத்தார் என்று கேட்டாள்.

ஒரு மூட்டை மணல் போதும். அது அவருக்குத் தெரிந்தும் இருக்கிறது.

தாரணிக்குப் போன் பண்ணினேன். எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன்?

ஜூன் 25, புதன்

தெருக்கோடியில் வீடு கட்டுகிறவர்களிடம் கேட்டு ஒரு சாக்கு மணல் வாங்கினேன். நானும் பீ துமும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துத் தூக்கி வந்தோம். அவர் வந்ததும் காட்டினேன். நாளையிலிருந்து இது வரும், நான் வீட்டில் இருந்து என் சோலியைப் பார்க்கிறேன் என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்.

அவர் மூட்டையைக் காலால் ஒரு தரம் தட்டிப் பார்த்தார். அப்புறம், மணலு பேச்சுத் துணைக்கு ஆகுமா என்று கேட்டார். கல்யாணமாகி இருபது வருஷத்தில் இந்த மனுஷன் என்னிடம் பேச்சுத் துணை கேட்டது இதுதான் முதல் தடவை.

ஜூன் 26, வியாழன்

காலையில் அவரே மூட்டையை இறக்கிச் சுவரோரம் வைத்துவிட்டு, வண்டியில் உட்கார்ந்து எனக்காகக் காத்திருந்தார். ஏறினேன். பீச்சாங்கைப் பக்கம் நாய் என்றேன். ஒதுக்கினார்.

ஜூன் 28, சனி

இன்றைக்கு மில்லில் ரோலர் மாற்றினார்கள். வீட்டுக்கு வந்தவர் தோசை ஒன்றோடு எழுந்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் பீ தும் வந்தாள். தட்டு நிறைய சுட்ட வாழைப்பழம். பிரசித்தின் தோளில் ரோலர் இடித்து, ஹெல்மெட் பறந்து விழுந்து, ஆள் சுவரில் சாய்ந்துவிட்டாராம். எலும்பு முறியவில்லை, கறுத்துக் கன்றிப் போயிருக்கிறது. இன்னும் ஒரு சாண் வந்திருந்தால் தலை என்று தன் தலையைத் தொட்டுக் காட்டினாள். கூட இருந்தவர்கள் கத்தியதும் உன் புருஷன் உடனே கிரேனை நிறுத்திவிட்டார், அவர் நிதானமான ஆள், அதனால்தான் பிரசித் பிழைத்தார் என்று சொல்லி இரண்டு கையையும் குவித்துக் கும்பிட்டாள். பழம் அதற்காகத்தான் கொண்டு வந்திருக்கிறாள்.

ஒரு பழத்தை எடுத்து வாயில் போட்டேன். அவள் பார்க்காதபோது துப்பிவிட்டேன்.

ஜூன் 29, ஞாயிறு

இனிமேல் சுற்றி வளைத்து எழுதிப் பிரயோஜனமில்லை. கேட்டுவிட்டேன்.

பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அவர் செயின் கவரைத் துடைத்துக்கொண்டிருந்தார். துணியை வாளியிலேயே போட்டுவிட்டுப் போய் அவருக்கு முன்னால் நின்றேன்.

"ஏனுங்க, என்னைய எடைக்குக் கூட்டிட்டுப் போறீங்களா, கண்ணுக்குக் கூட்டிட்டுப் போறீங்களா?"

துடைத்துக்கொண்டே இருந்தார். கை மட்டும் ஒரே இடத்தில் போய்ப் போய் வந்தது.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"தெரியாமயா இத்தனை நாளா நாய் நாய்னு கத்திட்டு வாரேன்?"

அப்புறம் சொன்னார். பொங்கலுக்கு முன்னாலிருந்தே இடது கண்ணில் ஓரத்தில் புகை படிந்த மாதிரி இருந்ததாம். நடுவிலும் வந்து, இப்போது பூராவும் இருட்டு. டாக்டரிடம் போகவில்லை. போனால் எழுதிக் கொடுத்துவிடுவார்கள், மில்லுக்குத் தெரிந்தால் கிரேனைப் பிடுங்கிக்கொண்டு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், தாரணி படிப்பு முடிய இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது, அது வரைக்கும் ஓட்டிவிடலாம் என்று பார்த்தாராம். எனக்கு வந்த கோபத்தில் வாளியை உதைத்தேன். துவைத்த துணியெல்லாம் மண்ணில் போயிற்று. இத்தனை மாதம் பக்கத்தில் படுத்தவளிடம் சொல்லத் தோன்றவில்லையா என்று கேட்டேன். அழுகையும் வந்துவிட்டது, மூக்கைச் சிந்திக்கொண்டே கத்தினேன். அதைவிட என் மேலேயே எனக்குக் கோபம். முகாமிலேயே பார்த்தவள்தானே நான்? வந்து மாவைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பிரசித்தைப் பற்றிக் கேட்டேன். கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார்.

"அவனை எப்பவும் சோத்தாங்கைப் பக்கந்தான் நிக்கச் சொல்லுவேன். நேத்து மாறி நின்னுட்டான்."

மாறி நிற்கக்கூடாது என்று அந்த மனுஷனுக்கு எப்படித் தெரியும்? அடுத்த சனிக்கிழமை மறுபடி ரோலர் மாற்றுகிறார்கள். அதற்கு முன்னால் நீங்களே மேனேஜரிடம் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் நான் போய்ச் சொல்வேன் என்றேன். சொன்னால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்றார். கட்டலாம் என்றேன். தைரியமாகத்தான் சொன்னேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு டப்பாவில் இருந்த பணத்தை எண்ணினேன்.

ஜூலை 1, செவ்வாய்

பீ துமின் சாலேங்கை ஓட்டிப் பார்த்தேன். சும்மாதான் என்று சொன்னேன். ஊரில் ஸ்கூட்டர் ஓட்டிய திமிரில் உட்கார்ந்தேன். முறுக்கினால் இடது பக்கம் இழுக்கிறது, பிரேக் பிடித்தால் வலது பக்கம் போகிறது. உடம்பைச் சாய்த்துப் பிரயோஜனமில்லை, மாட்டு வண்டி மாதிரி திருப்ப வேண்டியிருக்கிறது. கோழிக் கூண்டு ஒன்றுக்குள் போய் நின்றேன். பீ தும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரிக்கச் சிரிக்க நான் குனிந்து கூண்டை நிமிர்த்தி வைத்தேன். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. நானே எப்படிச் சொல்வது? அவர் வாயால் வர வேண்டிய சொல்.

ஆனால் சனிக்கிழமைக்குள் வர வேண்டும்.

ஜூலை 3, வியாழன்

பிடித்த பிடியில் லீவு போட வைத்து டவுனுக்குக் கண் டாக்டரிடம் இழுத்துப் போனேன். கண்ணுக்குள் நீர் அழுத்தமாம். அது நரம்பை அரித்துக்கொண்டே போகுமாம், வலியே இருக்காதாம். இடது கண் போனது போனதுதான். வலது கண்ணிலும் ஓரத்தில் ஆரம்பித்திருக்கிறது. சொட்டு மருந்தை விடாமல் போட்டால் அதை நிறுத்தி வைக்கலாம் என்றார் டாக்டர். இன்னும் ஒரு வருஷம் இவர் திட்டப்படி ஓட்டியிருந்தால் இரண்டும் போயிருக்கும்.

திரும்பி வரும்போது மருந்துச் சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மில்லில் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லவில்லை.

ஜூலை 4, வெள்ளி

இன்றைக்கும் சொல்லவில்லை. மேனேஜர் பாங்காக் போய்விட்டாராம். நாளைக் காலையில் வருவாராம். நாளைக் காலையில்தான் ரோலரும் மாற்றுகிறார்கள். பிரசித் இன்று வேலைக்குத் திரும்பிவிட்டார்.

காபி போட்டு அடுப்பிலேயே விட்டுப் பொங்கவிட்டேன். வாசலுக்கும் பின்கட்டுக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். பீ தும் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து என்ன ஆயிற்று என்று கேட்டாள். காலில் எறும்பு என்றேன்.

ஜூலை 5, சனி

காலையில் அவர் செருப்பு மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோது ஓட்டுகிற சீட்டில் நான் உட்கார்ந்திருந்தேன். இறங்கு என்றார். இறங்கவில்லை. தெருவில் ஆள் பார்க்கிறார்கள் என்றார். பார்க்கட்டும். கடைசியில் என் தலையணையை நகர்த்திவிட்டுத் தொட்டியில் ஏறி உட்கார்ந்தார். ஃபோர்மேன் சென்னியப்பன் சாப்பாட்டுத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்காரி ஓட்டுகிற சாலேங்கில் மில்லுக்குப் போனார். வழியெல்லாம் மெதுவாகத்தான் போனேன். பின்னால் ஹாரன் அடித்தவர்களையெல்லாம் மனதுக்குள் வைதுகொண்டே போனேன்.

கேட்டில் இறங்கினார். கிரேன் நகர ஆரம்பித்தால் மணி அடிக்கும், அது தெருவரைக்கும் கேட்கும் என்று எனக்குத் தெரியும். மணி அடிப்பதற்கு முன்னால் நீங்கள் சொல்லியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் நான் உள்ளே வருவேன் என்றேன். தலையை ஆட்டினாரா, சட்டையைச் சரி செய்தாரா என்று தெரியவில்லை. உள்ளே போய்விட்டார். பின்னாலேயே பிரசித் போனார். ஒரு தோளைத் தூக்கி நடந்தார். என்னைப் பார்த்து, வண்டியைப் பார்த்து, கட்டை விரலைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார்.

எதிரே டீக்கடையில் உட்கார்ந்தேன். எழுந்தேன். கேட்டுக்குப் போனேன், திரும்பி வந்தேன். சென்னிமலையானை வேண்டினேன், பிறகு அவனையும் திட்டினேன். கேட்டுக்காரன் என்னை ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

மணி அடித்தது.

அவ்வளவுதான், ஓடினேன். கேட்டுக்காரன் கையை நீட்டி மறித்தான். அவன் தாய்லாந்து பாஷையில் ஏதோ சொல்ல, எனக்குத் தெரிந்த அரைகுறைப் பாஷையும் மறந்துபோய் நான் தமிழில் கத்தினேன். விடுறா, அங்க ஒரு மனுஷன் நிக்கறான் என்று கத்தினேன். கையைத் தட்டிவிட்டு உள்ளே நாலடி வைத்துவிட்டேன்.

அப்போது ஆபீஸ் பக்கமிருந்து அவர் நடந்து வந்தார். தலையில் ஹெல்மெட் இல்லை. இடுப்பில் ரிமோட் இல்லை. அவரைத் தாண்டி உள்ளே கிரேன் நகர்ந்துகொண்டிருந்தது, வேறு யாரோ ஓட்டினார்கள். நான் அவருக்கு இடது பக்கம் நின்றிருந்தேன். என்னைக் காணாமல் கடந்து போனார். ஓடிப் போய் வலது பக்கம் நின்றேன்.

"சொல்லிட்டேன்," என்றார். "பிரசித்தைப் பக்கத்துல நிக்க வெச்சுட்டுத்தான் சொன்னேன்."

மேனேஜர் மேஜையைத் தட்டிக் கத்தினாராம். பிறகு டிசம்பரில் ஒப்பந்தம் முடிகிற வரைக்கும் சாமான் வைக்கிற ஸ்டோரில் இருக்கச் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் புதுப்பிப்பது சந்தேகம்தான். பிரசித் கன்றிப் போன தோளைத் தடவிக்கொண்டு நின்றுவிட்டு வெளியே போய்விட்டாராம்.

இன்றைக்கு வீட்டுக்குப் போ என்று அனுப்பிவிட்டார்கள். திரும்பி வரும்போது பாலத்து முக்கில் இடது பக்கம் திரும்பினேன். பழக்க தோஷம், பீச்சாங்கைப் பக்கம் நாய் என்று கத்திவிட்டேன்.

"ஓட்டறது நீ. எங்கிட்ட எதுக்குச் சொல்ற?" என்றார். கொஞ்ச தூரம் போனபின், "இப்ப நான் எடைக்கா?" என்று கேட்டார்.

"எடைக்குத்தானுங்க. கெட்டியா உக்காருங்க."

அவர் சிரித்தாரா என்று பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

ஜூலை 6, ஞாயிறு

பீ தும் கதவு சாத்தியே இருக்கிறது. குழம்பு கொண்டு போய்த் தட்டினேன். அவள் உள்ளே இருப்பது தெரிந்தது. திறக்கவில்லை. அவள் இடத்தில் நான் இருந்தால் குழம்பை மேலேயே ஊற்றியிருப்பேன். வாழைப்பழத்தட்டு இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது. கழுவித் துடைத்து அவள் வாசலில் வைத்துவிட்டு வந்தேன்.

தாரணியிடம் எல்லாவற்றையும் சொன்னோம். அழுதாள். அப்புறம் சொட்டு மருந்து போடுகிற நேரத்துக்குத் தினமும் தானே போன் பண்ணுகிறேன் என்றாள்.

ஜூலை 7, திங்கள்

காலையில் அவரை மில்லில் கொண்டு போய் இறக்கினேன். ஸ்டோருக்குப் போகிற வழி அவருக்கு இடது கைப் பக்கம். தலையை நன்றாகத் திருப்பிப் பார்த்துப் பார்த்து நடந்து போனார். நான் வண்டியைத் திருப்பப் போனபோதுதான் உறைத்தது. வரும்போது எடையாக அவர் இருந்தார். மணல் மூட்டை வீட்டுச் சுவரோரம் கிடக்கிறது. தொட்டி காலி. வழியில் பாலத்து முக்கு.

தள்ளிக்கொண்டே போகலாமா என்று யோசித்துக்கொண்டு கேட் ஓரமாக நின்றேன். பிரசித் உள்ளேயிருந்து வந்தார். தீப்பிடித்தால் கொட்டுவதற்கு மில்லில் வைத்திருக்கிற மணல் மூட்டை ஒன்றை அடிபடாத தோளில் சுமந்திருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. மூட்டையைத் தொட்டியில் இறக்கி, நடுப்பலகைக்கு நகர்த்தி, அசைகிறதா என்று ஒரு தரம் ஆட்டிப் பார்த்தார். தலையணையை எடுத்து என்னிடம் கொடுத்தார். கையைத் தட்டிக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

பாலத்து முக்கில் திரும்பினேன். சக்கரம் தரையிலேயே இருந்தது.